காய் தெரியாமல் போன வள்ளிக்கண்ணு

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் பதினோரு வருஷம் கூடையில் காய் விற்றவள் வள்ளிக்கண்ணு. பிறந்தது மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு கிராமம். தங்கையனைக் கட்டிக்கொண்டு வந்து மேலூர் போகிற சாலையோரம் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தாள். தங்கையனுக்குத் திருச்சி காந்தி மார்க்கெட்டில் கைவண்டி இழுக்கிற வேலை. ஒரே மகள், அமிர்தம்.

விடியற்காலையில் புருஷனோடு மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுப்பாள். இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து ஒரு குதிரை வண்டி பேசிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி ஏழு மணிக்கெல்லாம் வீதியில் இருப்பாள். மற்ற மூவரும் கத்தரிக்காய் ஒரு பக்கம், வெண்டைக்காய் ஒரு பக்கம் என்று கூடையை அடுக்குவார்கள். வள்ளிக்கண்ணு அடுக்குவது வேறு மாதிரி. திவசம் இருக்கிற வீட்டுக்கு வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு எல்லாம் ஒரு மூலை. முட்டைக்கோசும் பீன்சும் இங்கிலீஷ் காய், திவசத்துக்கு ஆகாது, அவை தள்ளியிருக்கும். ஏகாதசியன்றைக்கே மறுநாள் துவாதசிக்கான அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் மேலே வந்துவிடும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவரைப் பிஞ்சு. அம்மை இறங்கிய வீட்டுக்குக் குளிர்ச்சியான காய். வாய்வுத் தொந்தரவுள்ள பெரியவர் இருக்கிற வீட்டு வாசலில் உருளைக்கிழங்கை வெளியே எடுக்கவே மாட்டாள். சின்ன வெங்காயம் கூடையின் அடியில், சாக்குக்குக் கீழே கிடக்கும். அதைக் கேட்பவர்கள் வெளி வீதிக்காரர்கள்.

எந்த வீட்டில் என்றைக்கு என்ன விசேஷம் என்பது அவளுக்கு மனப்பாடம். கீழச் சித்திரை வீதியில் கோமளவல்லி என்று ஒரு மாமி இருந்தாள். அவள் கணவர் ரங்கசாமி ஐயங்கார் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. "நான் கேக்கறதுக்கு முன்னாடியே நீ எடுத்து வெச்சுடறாய் வள்ளி. தளிகைக்கு என்ன பண்ணணும்னு நான் யோசிக்கறதே இல்லே" என்பாள் மாமி. வள்ளிக்கண்ணுவுக்கு அந்தப் பேச்சில் ரொம்பப் பெருமை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் பேச்சுக் குழறியது. மூன்றாம் நாள் கை கால் வெட்டி இழுத்தது. தங்கையன் தன் கைவண்டியிலேயே அவளைக் கிடத்தி, மேலே கித்தான் போர்த்தி, மழையில் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். மூளைக் காய்ச்சல் என்றார்கள். பத்து நாள் நினைவில்லை. பிறகு ஒரு நாள் கண் விழித்து, "அமிர்தம் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள். தங்கையன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கார்த்திகையில் வீட்டுக்கு வந்தாள். பேச்சில் குறையில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூரை ஓடு ஒன்று விலகியிருப்பதைப் பார்த்து, மழைக்கு முன்னால் மாற்றச் சொன்னேனே என்று புருஷனைக் கடிந்துகொண்டாள். மறுநாள் காலை அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதிமூன்று வயது அமிர்தம் முறத்தில் காயைக் கொண்டுவந்து வைத்தாள்.

வள்ளிக்கண்ணு ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னடி?"

"என்னம்மா விளையாடுறே?"

"காய்தான். அது தெரியுது. என்ன காய்னு கேக்குறேன்."

அமிர்தம் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முறத்திலிருந்து புடலங்காயை எடுத்துக் கொடுத்தாள், முருங்கைக்காயைக் கொடுத்தாள், பூசணிக் கீற்றைக் கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் வள்ளிக்கண்ணு காய் என்றே சொன்னாள். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்ததும் மோந்து பார்த்து, "இதுவும் காய்தானே?" என்றாள்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று வாசலுக்குள் நுழைந்தது. வள்ளிக்கண்ணு சுவரோடு ஒட்டிக்கொண்டு, அது கடிக்குமா என்று கேட்டாள். அவள் தாய் வீட்டில் எட்டு ஆடு இருந்தது. சின்ன வயதில் அவள்தான் மேய்த்தாள்.

உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்று தங்கையன் இருந்தான். தை பிறக்கும் வரைக்கும் சரியாகவில்லை. சமயபுரத்துக்குக் கூட்டிப்போய் மாவிளக்குப் போட்டான். கோவில் வாசலில் யானை நின்றது. வள்ளிக்கண்ணு அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பெரிசா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதன் காலில் கிடந்த சங்கிலியைப் பார்த்து, இது நல்ல கனத்த சங்கிலி, பூட்டு மட்டும் புதுசு என்றாள். தங்கையனுக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது. சங்கிலி தெரிகிறது, பூட்டுத் தெரிகிறது, யானை தெரியாதா? வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறாளோ என்று நினைத்தான். வீட்டுக்கு வரும் வழியில் அதை வாய் விட்டுக் கேட்டும்விட்டான்.

"நடிக்கிறதா இருந்தா உங்களைத் தெரியலைன்னுல்ல நடிப்பேன்" என்றாள் அவள். அப்புறம் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சமையல் எப்படியோ நடந்தது. அஞ்சறைப் பெட்டியில் எந்தக் குழியிலிருந்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே இருப்பது சீரகமா வெந்தயமா என்பது தெரியாது. ஒரு நாள் அமிர்தம் பெட்டியைக் கழுவிக் காய வைத்து, இடம் மாற்றி நிரப்பிவிட்டாள். அன்றைக்குக் குழம்பை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. வள்ளிக்கண்ணுவும் தின்று பார்த்துவிட்டு, கசக்கிறது என்றாள். எதனால் கசக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

தொழிலை விட அவள் சம்மதிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் அமிர்தம் கூட வந்து, காயின் பெயரைக் காதோடு சொல்லிக்கொண்டு வந்தாள். சாயங்காலங்களில் இருவரும் பாடம் படித்தார்கள். "நீளம், பச்சை, மேல வெள்ளைக் கோடு. அது புடலை." வள்ளிக்கண்ணு பத்துத் தடவை சொல்வாள். மறுநாள் காலையில் நீளமான எதைப் பார்த்தாலும் புடலை என்பாள், முருங்கையையும் சேர்த்து. வீதிகளில் யாருக்கும் இது தெரியக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பழக்கப்பட்ட பெண்கள் தாங்களே கூடையில் கைவிட்டு எடுத்துக்கொண்டதால் ஒரு மாதம் வரை ஓடியது.

தை கடைசியில் அமிர்தத்துக்குப் பரீட்சை. அன்று வள்ளிக்கண்ணு தனியாகப் போனாள். கோமளவல்லி மாமி வீட்டில் மாமனாருக்குத் திவசம். நாள் வள்ளிக்கண்ணுவுக்கு மறக்கவில்லை. முன்தினமே மகளை உட்கார வைத்து, திவசக் காய்களைக் கூடையின் வலது பக்கமாக வைக்கச் சொல்லியிருந்தாள். வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் கூடை சரிந்தது. கூட இருந்த பெண்கள் அள்ளிப் போட்டார்கள். எது எந்தப் பக்கம் கிடந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாமி மடியாக இருந்தாள். நெருங்கி வராமல் உள்ளிருந்தபடியே, "வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு. முறத்திலே கொட்டிட்டுப் போ வள்ளி. நோக்குத் தெரியாததா" என்றாள். வள்ளிக்கண்ணு வலது பக்கத்தில் இருந்ததையெல்லாம் முறத்தில் கொட்டிவிட்டு வந்தாள். அதில் பாகற்காய் இருந்தது, வாழைக்காய் இருந்தது. சேப்பங்கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் திவச வீட்டுக்குள் வரவே கூடாத சின்ன வெங்காயம் இரண்டு கையும், கூடவே மூன்று முருங்கைக்காயும் இருந்தன.

அந்த வருஷம் ஊரில் சாதிப் பேச்சு ரொம்பச் சூடாக இருந்தது. கார்த்திகையில் கறுப்புச் சட்டைக்காரர்கள் சட்டத்தை எரித்ததில் ஆரம்பித்த கூட்டமும் கைதும் இன்னும் அடங்கவில்லை. ரங்கசாமி ஐயங்கார் முறத்தைப் பார்த்தார். அடுப்பு மூட்டுவது நின்றது. புரோகிதர் வந்து உட்கார்ந்தாயிற்று. வேறு காய்க்கு ஆள் ஓடியது. "பதினோரு வருஷமாத் தெரிஞ்சவளுக்கு இன்னிக்கு மட்டும் தெரியாமப் போயிடுத்தா? யாரோ சொல்லி விட்டிருக்கா. அவளும் அந்தக் கூட்டம்தான்" என்றார். இதுவரை அவருக்கு அவள் காய்க்காரி. அன்றிலிருந்து அவள் அந்தக் கூட்டம்.

இரண்டு நாளில் வீதி முழுதும் பரவிவிட்டது. அவள் குரல் கேட்டதும் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் வெளியே வந்து, உன் கட்சிக்காரன் வீட்டிலே போய் விற்றுக்கொள் என்றார். எந்தக் கட்சி என்று அவளுக்குப் புரியவில்லை. நிரம்பிய கூடையோடு வீட்டுக்கு வந்து, அதை இறக்காமலே வாசலில் நின்றாள். தங்கையன் இறக்கி வைத்தான்.

"மாமிகிட்ட நான் சொல்லிட்டு வரேன்" என்றாள் அமிர்தம்.

"நீ போகாத. நானே போறேன்" என்றாள் வள்ளிக்கண்ணு.

கடைசியில் அம்மாவும் மகளுமாகப் பின்பக்கச் சந்து வழியாகப் போனார்கள். ஐயங்கார் ஆபீசுக்குப் போயிருந்த நேரம். கொல்லைக் கதவைத் திறந்த மாமி, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வள்ளிக்கண்ணு கைகட்டி நின்றுகொண்டு, காய்ச்சலிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். மாமி நம்பாமல்தான் கேட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு தாம்பாளத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து கிணற்றடியில் வைத்தாள்.

"இது என்னது?"

"சேவை நாழி. அரிசி மாவைப் போட்டுப் பிழியறது."

"இது?"

"தேங்காய் துருவி. பல்லு ரெண்டு மழுங்கியிருக்கு மாமி, தீட்டணும்."

"இது?"

"பாக்குவெட்டி."

"இது?"

வள்ளிக்கண்ணு குனிந்து பார்த்தாள். மாமி கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருந்தது. மாமி அதை வைத்துவிட்டு இஞ்சியை எடுத்தாள், பிறகு பச்சை மிளகாயை, பிறகு வாழைப்பூவை. வள்ளிக்கண்ணுவின் கண் ஒவ்வொன்றின் மேலும் போய் நின்று திரும்பியது. கடைசியில், "செடியில வர்றதுன்னு தெரியுது மாமி. அதுக்கு மேல எட்டல" என்றாள்.

கோமளவல்லி மாமி கிணற்றுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "அது எப்படிடி? பாக்குவெட்டி தெரியறது, பாக்குத் தெரியாதா?"

"தெரியாது மாமி."

"தேங்காய்?"

"துருவியைப் பார்த்தா, தேங்காய்னு ஒண்ணு இருக்குன்னு வார்த்தை வருது. நீங்க அதைக் கொண்டுவந்து வெச்சா இதுதான்னு சொல்லமாட்டேன்."

மாமி வாழைப்பூவைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தாள். "நம்ம மனசுக்குள்ளேயும் ஆத்திலே இருக்கறாப்பலே சாமான் உள், தளிகை உள்ளுன்னு தனித்தனியா இருக்கும் போலிருக்கே. ஒங்கம்மாவுக்கு ஒரு உள் மட்டும் பூட்டிண்டுடுத்து" என்று அமிர்தத்தைப் பார்த்துச் சொன்னாள். அன்று சாயங்காலம் கணவரிடமும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அதற்கப்புறம் வேறு ஒருத்திதான் காய் கொடுத்தாள். வள்ளிக்கண்ணு அந்த வீதிக்குப் போகவில்லை.

மாமி சொன்னதை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சவரிநாதனிடம் அமிர்தம் சொன்னாள். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவரச் சொல்லி, வள்ளிக்கண்ணுவுக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். குடை, சுத்தியல், கடிகாரம், ஏணி எல்லாம் சரியாக வந்தன. சேவல், முயல், மாங்காய், தாமரை எதுவும் வரவில்லை. டாக்டர் இரண்டு முறை திருப்பிக் கேட்டுப் பார்த்தார்.

"நான் இந்த மாதிரிப் பார்த்ததில்லைம்மா" என்றார். "உயிரோட இருக்கிறதும் விளையிறதும் மூளையில ஒரு இடத்திலயும், மனுஷன் கையால செஞ்சது வேற இடத்திலயும் இருக்கும்போல. காய்ச்சல் ஒரு இடத்தைத் தின்னுட்டுப் போயிருக்கு."

"திரும்ப வருமாங்க?" என்றாள் அமிர்தம்.

"வரும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

 நடிப்பு இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னது வள்ளிக்கண்ணுவுக்குக் கொஞ்சம் ஆறுதல். தங்கையனும் அதற்குப் பிறகு அவளை ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் வீட்டில் ஒரு வருமானம் நின்றுபோனது. எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய அமிர்தம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு, சித்திரை வீதிகளை விட்டுத் திருவானைக்காவல் பக்கம் விற்கப் போனாள். முதல் ஆறு மாதம் அவள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் வெயிலில் வந்து கூடையைப் போட்டவள், "உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னை இப்படி ஆக்கிட்டே" என்று கத்திவிட்டாள். வள்ளிக்கண்ணு எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அமிர்தம் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

வீட்டில் தனியாக விடுவதும் கஷ்டமாயிற்று. அவரைக்கொடி என்று தெரியாமல் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பந்தலையே பிடுங்கிப் போட்டுவிட்டாள். அதனால் தங்கையன் அவளைத் தன்னோடு மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனான். அங்கே இரும்புக் கடைகள் இருக்கிற சந்தில் ஷரபுன்னிசா என்ற விதவை ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். அரிவாள், கரண்டி, தோசைக்கல், தாழ்ப்பாள், ஆணி. தங்கையன்தான் அவள் சரக்கை ஏற்றி இறக்குகிறவன். "என் வீட்டுக்காரி ஓரமா உக்காந்திருக்கட்டும் பூவம்மா" என்று கேட்டான். அந்தச் சந்தில் ஷரபுன்னிசாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு மத்தியானம் ஷரபுன்னிசா தொழுகைக்கு உள்ளே போயிருந்தாள். விவசாயி ஒருவர் வந்து அரிவாள் கேட்டார்.

"பல்லுப் பல்லாக் கருக்கு வெச்சதா, மொட்டையா?" என்று கேட்டாள் வள்ளிக்கண்ணு.

"நெல் அறுக்க."

"அப்ப கருக்குதான் வேணும். இடது கையா வலது கையா?" ஏழெட்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்து ஒன்றைக் கொடுத்தாள். "இதை எடுத்துக்கங்க. பிடி இறுக்கமா இருக்கு."

தொழுகை முடிந்து வந்த ஷரபுன்னிசா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து வள்ளிக்கண்ணுவுக்குக் கடையில் வேலை. அதில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அறுபத்திரண்டில் வீசை போய்க் கிலோ வந்தபோது சந்திலேயே முதலில் புதுப் படிக்கல்லைப் பழகியவள் அவள்தான். ஆனாலும் அந்த முதல் அரிவாளை விற்ற அன்று வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அவள் சொன்னது இது: "எப்படிப் பிடிச்சு எப்படி இழுக்கணும்னு கைக்குத் தெரியுது அமிர்தம். நான் நெல்லுக்குள்ள பொறந்தவ. அந்தாளு நெல்லுன்னு சொன்னப்ப மனசுல ஒண்ணுமே வரல. வெறும் சத்தமா இருந்துச்சு."

அறுபத்துமூன்றில் அமிர்தத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீரமலைக்கு மணப்பாறையில் சைக்கிள் கடை. மறுவருஷம் அங்கேயே பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. தங்கையன் உடனே கிளம்பினான். வள்ளிக்கண்ணு வரமாட்டேன் என்றாள். கடையில் வேலை என்றாள், முழங்கால் வலி என்றாள். நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் ஷரபுன்னிசா, "என்ன பயம் உனக்கு?" என்று நேரே கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச மனுஷங்க எல்லாம் காய்ச்சலுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்க. புதுசா வந்தவங்க பேசுறாங்க, அதனால மனுஷங்கன்னு தெரியுது. பச்சைக் குழந்தை பேசாது. அதைப் பார்த்து இது என்னன்னு நான் கேட்டுட்டா, அமிர்தம் தாங்குமா?"

ஷரபுன்னிசா கடையைச் சாத்திவிட்டு, தானும் கூடவே மணப்பாறை பஸ் ஏறினாள்.

அமிர்தம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வள்ளிக்கண்ணு நிலைப்படியிலேயே நின்றாள். இத்தனை நாள் அவள் ஏன் வரவில்லை என்று மகள் அதற்குள் ஊகித்திருந்தாள். அமிர்தம் ஒன்றும் கேட்காமல் துணியை விலக்கிக் காட்டினாள். வள்ளிக்கண்ணு குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். 

"காது உன்னோடது" என்றாள் கடைசியில். "மூக்கு உங்கப்பாவோடது."

அமிர்தம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வள்ளிக்கண்ணு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பயத்தில் வியர்த்த முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் அங்கே இருந்தாள். மணப்பாறையில் சந்தை கூடும் நாளில் தெரு முழுக்க மாடுகள் போகும். அன்றைக்கு அவள் உள்ளேயே இருப்பாள். பத்தியச் சமையலுக்கு எதைப் போடுவது என்று சம்பந்தியம்மாளைக் கேட்டுக் கேட்டுச் செய்தாள். ஒரு காலத்தில் சித்திரை வீதியில் பிள்ளை பெற்ற அத்தனை வீட்டுக்கும் கேட்காமலே எடுத்து வைத்தவள் என்று சம்பந்தியம்மாளுக்குத் தெரியாது. அமிர்தமும் சொல்லவில்லை.